காசுப் பொறியும் வீட்டுப் பெட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

இலத்திரனியல் விளையாட்டுப் பொறிகளின் வரலாறு பெரும்பாலும் ஒழுங்கானதோர் இறங்குவரிசையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. முதலில் ஆய்வுகூடத்துப் பெருங் கணினி. அடுத்து, மதுச்சாலைகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் நின்ற, காசு போட்டால் இயங்கும் ஆளுயரப் பொறி. அதன்பின் அப்பொறியைச் சுருக்கி வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்த பெட்டி. ஈற்றில் கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறு கருவி. பெரியது சிறியதாயிற்று, பொதுவானது தனியானதாயிற்று என்னும் இவ்விளக்கம் மனத்தில் எளிதிற் பதிவது. ஆயின் ஆண்டுகளை நிரைப்படுத்திப் பார்ப்போர்க்கு இவ்வரிசை பொருந்தாமை விரைவில் விளங்கும். வீட்டுப் பெட்டி காசுப் பொறியின் பிள்ளையன்று, அதற்கு மூத்தது. காசுப் பொறியையே வீட்டிற் கட்டிக்கொள்ளும் முயற்சியோ, இவ்விரண்டும் தோன்றி நெடுங்காலத்தின் பின்னர், காசுப் பொறிகள் அழியத் தொடங்கிய வேளையில் எழுந்தது. இம்முறைமாற்றத்தையும், அதனை நிறுவுதற்கு உதவும் சான்றுகளின் தன்மையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தார்க்குத் தகுமோ என வினவுவோர் இருக்கலாம். அன்னார், நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் இவ்வினாவிலேயே தலையைப் புகுத்தியிருந்தன என்பதை நினைவிற்கொள்ளல் நன்று.

1958ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டிலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடம் பொதுமக்களுக்குத் தன் வாயிலைத் திறந்து வைத்தது. அணுவாராய்ச்சி நிலையம் ஒன்றிலே பார்வையாளர்க்குக் காட்டுதற்குச் சுவையானவை அதிகமில்லை. அங்குக் கருவியியற் பிரிவுக்குத் தலைவராயிருந்த வில்லியம் ஹிகின்பொதம், ஏவுகணைகளின் பாதையைக் கணிக்கவல்ல ஒப்புமைக் கணினி ஒன்றினை அலைவுகாட்டியோடு இணைத்து, பக்கவாட்டில் நின்று பார்க்கும் ரெனிஸ் ஆட்டமொன்றை அமைத்தார். ஐந்து அங்குல வட்டத்திரையில் ஓர் ஒளிப்புள்ளி வலைக்கு மேலாக வளைந்து பறந்தது. அதனை ஆடிப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றனர். அடுத்த ஆண்டு திரையைப் பெரிதாக்கி, சந்திரனிலும் வியாழனிலும் பந்து எவ்வாறு விழும் என்பதையும் காட்டினார்கள். அதன்பின் பொறியைப் பிரித்து, உறுப்புகளை வேறு வேலைகளுக்கு எடுத்துக்கொண்டனர். ஹிகின்பொதம் ஆக்கவுரிமை கோரவில்லை. மன்ஹற்றன் திட்டத்தில் பணியாற்றிப் பின்னர் அணுவாயுதப் பரவலுக்கு எதிராக நெடுங்காலம் உழைத்த அம்மனிதர், ஒரு விளையாட்டுக்காகத் தம்மை உலகம் நினைவு கூர்வதை அவ்வளவாக விரும்பவுமில்லை.

1962இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்ரீவ் றசலும் நண்பர்களும் ஆக்கிய ‘ஸ்பேஸ்வோர்’ என்னும் விண்கலச் சண்டை இதற்கு அடுத்த படியாகச் சொல்லப்படுவது. அது ஓடிய பீ.டீ.பீ.-1 கணினியின் விலை ஏறத்தாழ 120,000 டொலர். பல்கலைக்கழகங்களுக்கிடையே அச்செய்நிரல் கைமாறிச் சென்றதேயன்றி, வெளியே எவரும் அதனை விலைகொடுத்து ஆடியிருக்க முடியாது.

இவ்விரண்டினோடும் தொடர்பின்றி, முற்றிலும் வேறொரு வாயிலாகவே வீட்டுப் பெட்டி வந்தது. அதனை ஆக்கிய றால்ப் பேயர் 1922இல் ஜேர்மனியிற் பிறந்த யூதர். 1938இல் குடும்பத்தோடு தப்பி ஐக்கிய அமெரிக்காவை அடைந்தவர். வானொலி திருத்துவதைக் கற்றுப் பிழைப்பு நடத்தியவர். போர்க்காலத்தில் இராணுவப் புலனாய்வுப் பகுதியிற் பணிபுரிந்து, பின் தொலைக்காட்சிப் பொறியியலிற் பட்டம் பெற்றவர். 1966இல் அவர் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து நஷுவா நகரிலிருந்த சாண்டேர்ஸ் அசோசியேற்ஸ் என்னும் நிறுவனத்தில் உயர் பொறியியலாளராயிருந்தார். இராணுவ இலத்திரனியற் கருவிகளைச் செய்யும் நிறுவனம் அது. அவ்வாண்டு ஓகஸ்ற் இறுதியில் நியூயோர்க் பஸ் நிலையமொன்றில் உடன்பணியாளர் ஒருவருக்காகக் காத்திருந்த வேளையில், வீடுதோறும் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்ப்பதற்கன்றி வேறெதற்கேனும் பயன்படுத்தலாகாதா என்னும் எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர் பின்னாளிற் கூறினார். செப்ரெம்பர் முதலாந் திகதி அலுவலகம் சென்று அவ்வெண்ணத்தை நான்கு பக்கக் குறிப்பாக எழுதினார். எழுதியதோடு நில்லாது, அதிலே திகதியிட்டு, உடனிருந்த பொறியியலாளர் ஒருவரின் கையொப்பத்தையும் பெற்று வைத்தார்.

இக்கையொப்பம் அற்பமான செய்தியாகத் தோன்றலாம். ஆயின் பின்னர் எழுந்த வழக்குகளிலே பேயர் தரப்பின் வலிமை பெரும்பகுதியும் இத்தகைய தாள்களிலேயே தங்கியிருந்தது. இராணுவ ஒப்பந்த நிறுவனங்களின் பொறியியலாளர்கள் தம் நாட்குறிப்பேடுகளைத் திகதியோடும் சாட்சியோடும் பேணுவது வழக்கம். அவ்வழக்கமே ஒரு விளையாட்டின் பிறப்புக்குச் சாதகம் எழுதி வைத்தது. ஹிகின்பொதத்தின் பொறி முந்தியது, ஆயினும் பிரித்தெடுக்கப்பட்டது. பேயரின் பெட்டி பிந்தியது. ஆயினும் ஒவ்வொரு நிலையிலும் பதியப்பட்டது. எது முதலில் நிகழ்ந்தது என்பதும், எது முதலில் நிகழ்ந்ததென்று நிறுவப்படலாம் என்பதும் ஒன்றல்ல என்பதை வரலாற்று மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

பேயரோடு பணிபுரிந்தோர் இருவர். பில் ஹரிசன் என்னும் தொழில்நுட்பவியலாளர் சுற்றுகளைக் கையாற் கட்டினார். பில் றஷ் என்னும் பொறியியலாளர் 1967இன் பிற்பகுதியில் முக்கியமானதொரு யோசனையைக் கூறினார். அதுகாறும் திரையிலே இரு ஆட்டக்காரர்க்கும் உரிய இரு ஒளிப்புள்ளிகள் ஒன்றையொன்று துரத்தின. மூன்றாவதாக, எவர் கையிலும் அகப்படாது பொறியே செலுத்தும் ஒரு புள்ளியைச் சேர்க்கலாமே என்றார் றஷ். அப்புள்ளி பந்தாயிற்று; துரத்தல் மேசைப்பந்தாட்டமாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய ஏழு மாதிரிகளின் ஈற்றுமாதிரி 1968இல் நிறைவெய்தியது. பார்ப்பவர் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மரவரி அச்சிட்ட ஒட்டுத்தாளை அதன்மேற் சுற்றியமையால் அது ‘பழுப்புப் பெட்டி’ என்று பெயர் பெற்றது. அதனுள்ளே கணினி இல்லை, நினைவகம் இல்லை, செய்நிரல் இல்லை. திரான்சிசுற்றர்களும் இருவாயிகளும் கூடிய சுற்றுகளே இருந்தன. முகப்பிலுள்ள ஆளிகளை வெவ்வேறாக மாற்றினால் வெவ்வேறு ஆட்டம் வரும். தொலைக்காட்சியின் அலைவாங்கி முனையில் இதனை இணைத்துவிட்டால், ஒலிபரப்பற்ற ஓர் அலைவரிசையில் நிலையமொன்று ஒளிபரப்புவதைப் போலவே அது படத்தை அனுப்பும். தொலைக்காட்சியை ஏமாற்றும் இவ்வுத்தியே கண்டுபிடிப்பின் உயிர்நாடி.

இப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேயர் கம்பனி கம்பனியாகத் திரிய நேர்ந்தது. ஆர்.சீ.ஏ., சில்வேனியா, ஜெனரல் இலெக்றிக் முதலாய தொலைக்காட்சி உற்பத்தியாளர்கள் 1969இற் பார்த்தனர், பாராட்டினர், அனுப்பி வைத்தனர். ஆர்.சீ.ஏ.யின் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்த ஒருவர் பின்னர் மக்னவொக்ஸ் நிறுவனத்திற் சேர்ந்து வற்புறுத்தியதனாலேயே அந்நிறுவனம் இணங்கிற்று. 1972இல் ‘ஒடிசி’ என்னும் பெயரில் ஏறத்தாழ 100 டொலருக்கு அது கடைக்கு வந்தது. ஒலி இல்லை. புள்ளிக்கணக்கைத் தானே காட்டும் ஆற்றல் இல்லை. ஆடுவோரே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நிறம் இல்லாமையால், நிறமூட்டிய பிளாஸ்ரிக் தாளைத் திரைமேல் ஒட்டி, அதனையே ஆடுகளமாகக் கொள்ள வேண்டும். பெட்டியோடு தாயக்கட்டையும் போலிப்பணமும் கொடுத்தார்கள். ஆறு பற்றரிகளில் இயங்கியமையால் வீட்டுக்கு வீடு கொண்டுசெல்லவும் கூடியதாயிருந்தது. கையிற் கொண்டுசெல்லத்தக்க விளையாட்டுப் பெட்டி என்னும் கருத்து, ஆகவே, வரலாற்றின் ஈற்றில் அன்று, அதன் தொடக்கத்திலேயே இருந்ததெனலாம்.

காசுப் பொறியின் கதை இதற்கிடையிலேதான் தொடங்குகிறது. ஸ்பேஸ்வோர் விளையாட்டைக் கண்டு மயங்கிய நோலன் புஷ்னெல், ரெட் டப்னியோடு சேர்ந்து 1971இல் ‘கொம்பியூற்றர் ஸ்பேஸ்’ என்னும் காசுப் பொறியை ஆக்கி, நட்டிங் அசோசியேற்ஸ் நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டார். பெயரிலே கணினி இருந்தது; பொறியிலே இல்லை. அதே ஆண்டு ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் இருவர், மெய்யான கணினியொன்றையே பெட்டியில் அடைத்து, ஓர் ஆட்டத்துக்குப் பத்துச் சதம் வாங்கினார்கள். கணினியின் விலையை அச்சில்லறையால் ஈடுசெய்வது எளிதன்று. 1972 மே 24ஆந் திகதி கலிபோர்னியாவின் பேர்லிங்கேம் நகரில் மக்னவொக்ஸ் நடத்திய காட்சிக்குப் புஷ்னெல் சென்றார்; ஒடிசியின் மேசைப்பந்தாட்டத்தைக் கண்டார்; வருகைப் பதிவேட்டில் தம் பெயரையும் எழுதினார். சில வாரங்களில் அற்றாரி நிறுவனத்தைத் தொடங்கி, புதிதாய்ச் சேர்ந்த அலன் அல்கோர்ன் என்னும் இளம் பொறியியலாளரிடம் இரு மட்டையும் ஒரு பந்தும் கொண்ட ஆட்டமொன்றைச் செய்து தரும்படி பணித்தார். உற்சாகப்படுத்தும் பொருட்டு, இது ஜெனரல் இலெக்றிக் நிறுவனம் கேட்ட வேலை என்று ஒரு பொய்யையும் சொல்லி வைத்தார்.

அல்கோர்ன் ஏவியதற்கு மேலும் செய்தார். மட்டையை எட்டுப் பகுதிகளாகக் கருதி, பந்து படும் பகுதிக்கேற்ப அது திரும்பும் கோணம் மாறுமாறு அமைத்தார். ஆட்டம் நீளநீளப் பந்து விரைவுபெறச் செய்தார். சுற்றிலே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதிர்வுகளிலிருந்தே ‘டொக்’ என்னும் ஒலியை எடுத்தார். படக்குழாய்க்கென அவர் வாங்கியது கடையில் விற்ற சாதாரணக் கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியே. இவ்விடத்து ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. காசுப் பொறி சுருங்கி வீட்டுக்கு வந்தது என்கிறோம். உண்மையில், வீட்டுத் தொலைக்காட்சியைத் தூக்கி மரப்பெட்டியுள் வைத்துக் காசு வாங்கும் துவாரத்தையும் பொருத்தியபோதே காசுப் பொறி பிறந்தது. சனிவேல் நகரத்து அன்டி கப்ஸ் என்னும் மதுச்சாலையில் 1972இல் வைத்த முதற்பொறி சில நாட்களில் நின்றுபோயிற்று. திறந்து பார்த்தபோது, காசு நிரம்பி வழிந்தமையே பழுது என அறிந்தார்கள். அதுவே ‘பொங்’.

மக்னவொக்ஸ் 1974இல் வழக்குத் தொடுத்தது. 1976இல் அற்றாரி இணங்கி அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொண்டது. ஏனைய பிரதிவாதிகள்மேல் நடந்த வழக்கில் 1977 ஜனவரியில் நீதிபதி ஜோன் கிறேடி பேயரின் ஆக்கவுரிமை செல்லுபடியாகும் எனத் தீர்த்தார். பேர்லிங்கேம் வருகைப் பதிவேடு சான்றாய் நின்றது. 1985இல் நின்ரெண்டோ நிறுவனம் ஹிகின்பொதத்தின் ரெனிஸ் ஆட்டத்தை முற்சான்றாகக் காட்டி அவ்வுரிமையைத் தகர்க்க முயன்றது. அலைவுகாட்டி தொலைக்காட்சிச் சைகையாற் படம் வரைவதன்று. ஆகையால் அது இவ்வகையைச் சாராது என்று நீதிமன்றம் அதனை நிராகரித்தது. சட்டத்துக்கு இத்தீர்ப்புப் போதுமானதாக இருக்கலாம். வரலாற்றுக்கு அவ்வாறன்று. வரிசையில் நின்று ஆடிய அந்த மக்கள் அடைந்த களிப்பைச் சைகையின் வகைகொண்டு இல்லையென்று சொல்ல முடியாது. ஆயினும், தன்னை விளையாட்டுலகின் தந்தையென அழைக்க அனுமதித்த புஷ்னெலுக்கு உலகம் நெடுங்காலம் கொடுத்துவந்த இடம் மிகையானது என்பதே என் கருத்து. வணிகத்தை ஆக்கியவர் அவர். பெட்டியை ஆக்கியவர் அல்லர்.

1975 முதலாகப் பத்தாண்டுகளின் செய்தியைச் சுருங்கச் சொல்லலாம். பொங் ஆட்டத்தை ஒரே ஒருங்கிணைந்த சுற்றினுள் அடக்கி அற்றாரி ஆக்கிய வீட்டுப் பெட்டியை 1975 நத்தார்க் காலத்தில் சியேர்ஸ் கடைகள் விற்றன. கேட்கப்பட்ட எண்ணிக்கை 150,000. மறு ஆண்டு ஜெனரல் இன்ஸ்ருமென்ற் நிறுவனம் இத்தகைய சுற்றினை எவர்க்கும் விற்கத் தொடங்கவே, அதனை வாங்கிப் பெட்டிக்குள் வைக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் உற்பத்தியாளராயினர். அதே 1976இல் பெயர்சைல்ட் நிறுவனத்தில் ஜெரி லோசன் என்னும் கறுப்பினப் பொறியியலாளரின் தலைமையில், ஆட்டத்தைத் தனிப்பேழையாக்கிச் செருகும் முறை வந்தது. 1977இல் வந்த அற்றாரி பெட்டி அம்முறையையே பின்பற்றியது. அப்பெட்டியின் மாறுநினைவகம் 128 பைற்றுகள். தபாலட்டை ஒன்றில் எழுதும் செய்தி அதற்குள் அடங்காது. யப்பானில் 1978இல் தைற்றோ வெளியிட்ட, நிஷிகாடோ தொமோஹிரோ ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1980இல் உரிமத்தோடு இப்பெட்டிக்கு வந்தபோது, அவ்வாட்டத்துக்காகவே பெட்டியை வாங்கினோர் பலர். கூடத்தில் ஆடியதை வீட்டில் ஆடலாம் என்னும் வாக்குறுதி அன்றுதான் வணிகமாயிற்று. 1982இல் ‘பக்மன்’ வந்தபோது அவ்வாக்குறுதி பொய்த்தது. பேய்கள் மினுங்கி மறைந்தன, சுவர்களின் அமைப்பும் வேறு, ஒலியும் வேறு. மறு ஆண்டில் அமெரிக்க வீட்டு விளையாட்டு வணிகம் சரிந்தது. விற்காத பேழைகளை நியூ மெக்சிக்கோவின் அலமகோடோ நகரத்துக் குப்பைமேட்டிற் புதைத்தார்கள். 2014இல் அவற்றைத் தோண்டி எடுத்தபோது, அக்கதையைக் கட்டுக்கதையென்று தள்ளியோர் வாயடைத்துப் போயினர்.

இச்சரிவுக் காலத்திலே தோன்றி மறைந்த ஒரு பெட்டியைத் தனித்து நோக்கல் வேண்டும். 1982இல் வந்த ‘வெக்ரெக்ஸ்’ தொலைக்காட்சியை நாடாதது. ஒன்பது அங்குலப் படக்குழாய், ஒலிபெருக்கி, ஆட்டம் அனைத்தும் ஒரே பெட்டியுள் அடங்க, தூக்குவதற்குப் பிடியும் உண்டு. காசுப் பொறிகள் சிலவற்றிற் போலவே இதன் கதிரும் வரிவரியாய்த் திரையை நிரப்பாது, கோட்டோவியமாய் உருவங்களை நேரே வரைந்தது. நிறத்துக்கோ, ஒடிசியைப் போன்றே, மேலே செருகும் பிளாஸ்ரிக் தாள். கூடத்துப் பொறியைக் குறுக்கி மேசையில் வைத்தாற் போன்ற வடிவம் அது. 1984இல் உற்பத்தி நின்றது. கையடக்கக் கருவிகளின் பிற்கால வெற்றி, நான்கு சிறு பற்றரிகளில் இயங்கிய 1989ஆம் ஆண்டு ‘கேம் போய்’ முதலியவற்றின் வழியே சென்றது. அவ்வழி வேறு, கூடத்தை நினைவூட்டும் எண்ணம் அதற்கு இல்லை.

காசுப் பொறியையே வீட்டில் வைத்திருத்தல் என்னும் ஆசைக்கு வழிவிட்டது, எதிர்பாராத வகையில், ஒரு நியமம். யப்பானியக் காசுப்பொறி உற்பத்தியாளர் சங்கம் 1985 அளவில் ‘ஜம்மா’ என்னும் பெயரில் 56 முனைகள் கொண்ட இணைப்பு முறையொன்றை வகுத்தது. மின்வழங்கல், படம், ஒலி, கைப்பிடி, பொத்தான் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இடம் நிலையாயிற்று. கூடக்காரர் மரப்பெட்டியை மாற்றாமலே உள்ளிருக்கும் சுற்றுப்பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். ஆயின் பலகை பெட்டியினின்றும் பிரிந்ததும், பெட்டி இன்றியே பலகையை இயக்கலாம் என்பது ஆர்வலர்க்குத் தெரிந்துவிட்டது. மின்வழங்கி ஒன்றையும், படச்சைகையைத் தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றும் சுற்றொன்றையும், இரு கைப்பிடிகளையும் சிறு பெட்டியில் அடக்கினார்கள். அதற்குச் ‘சுப்பர்கன்’ என்று பெயர். தூக்கிச் செல்லத்தக்க வீட்டுக் காசுப் பொறி என்பதன் மெய்யான முதல் வடிவம் இதுவே. உற்பத்தியாளர்களும் இதனை உணராமலில்லை. 1990இல் எஸ்.என்.கே. நிறுவனம் வெளியிட்ட ‘நியோ ஜியோ’ வீட்டுப் பெட்டி, அதன் கூடப் பொறியோடு ஒத்த வன்பொருளையே கொண்டது. ஒப்பாக இருந்தது, விலையும் ஒப்பில்லாததாக இருந்தது. முழுத்தொகுதி 649 டொலருக்கு விற்றபோது அதனை வாங்கியோர் சிலரே.

1990களின் நடுவில், கூடங்கள் மூடப்பட்டு, பொறிகள் குப்பைக்குச் செல்லத் தொடங்கின. சில பலகைகள் தாமாகவே இறந்தன. கப்கொம் நிறுவனத்தின் 1993ஆம் ஆண்டு முறைமையில், செய்நிரல் மறைகுறியாக எழுதப்பட்டிருந்தது. அதனைத் திறக்கும் சாவி பற்றரியால் உயிர்காக்கப்படும் நினைவகத்தில் இருந்தது. திருட்டைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. பற்றரி தீர்ந்ததும் சாவி அழியும். விலை கொடுத்து முறையாக வாங்கியவரின் பலகையும் பயனற்ற தகடாகும். ஆர்வலர் இதற்குத் ‘தற்கொலைப் பற்றரி’ எனப் பெயரிட்டமை வியப்பன்று. தான் ஆக்கியது தனக்குப் பின் இருத்தல் வேண்டும் என்று கருதாத ஒரு தொழில், தன் வரலாற்றைத் தானே எழுதும் தகுதியை இழக்கிறது.

இச்சூழலில் 1997 பெப்ரவரி 5ஆந் திகதி நிக்கோலா சல்மோரியா என்னும் இத்தாலியர் ‘மேம்’ என்னும் செய்நிரலின் முதற்பதிப்பை வெளியிட்டார். காசுப் பொறியின் நுண்செயலியையும் ஒலி, படச் சுற்றுகளையும் சாதாரணக் கணினி ஒன்று அப்படியே நடித்துக் காட்டும். பலகையின் நினைவகத்திலிருந்து படியெடுத்த மூலச் செய்நிரலை அதன்மேல் ஓட்டலாம். பொறிகளைப் பதிவு செய்வதே முதல் நோக்கம், ஆடக்கூடியதாயிருத்தல் அதன் பக்கவிளைவு என்பது அத்திட்டத்தாரின் நிலைப்பாடு. 2007இல் கப்கொம் மறைகுறியும் ஆர்வலர் முயற்சியால் அவிழ்க்கப்பட்டது. அதிலும் சல்மோரியாவுக்குப் பங்குண்டு. மூலச் செய்நிரல்களின் பதிப்புரிமை நிறுவனங்களுடையதே. கூடம் மூடியதனால் உரிமை மறைந்துவிடாது. ‘மேம்’ அவற்றை விநியோகிப்பதுமில்லை. ஆயினும், பேணவேண்டியவர் பேணாதபோது பிறர் பேணியதைத் திருட்டு என்னும் ஒரே சொல்லால் முடித்துவிட இயலாது.

பழைய கணினியொன்றை மரப்பெட்டிக்குள் வைத்துக் கூடப் பொறியைத் திரும்பக் கட்டும் வழக்கம் இதன்பின் பரவியது. 2012இல் 35 டொலர் விலையில், கடனட்டை அளவில், ‘ராஸ்பெரி பை’ என்னும் கணினி இங்கிலாந்தில் வந்ததும் ஆளுயரப் பெட்டி மேசையளவாயிற்று. மேசையளவு, பயணப்பெட்டிக்குள் அடங்கிற்று. ஒட்டுப்பலகையை அறுத்து, திரையைப் பொருத்தி, பொத்தான்களுக்குத் துளையிட்டு, அவற்றின் நுண்ணாளிகளை விசைப்பலகையெனக் கணினி நம்புமாறு ஒரு சிறு சுற்றோடு இணைத்தால் பொறி தயார். கட்டுவோர் இங்குத்தான் எதிர்பாராத வினாக்களைச் சந்திக்கின்றனர். பக்மன் நான்கு திசைகளிலேயே ஓடுவது. எட்டுத் திசைக்கும் சாயும் கைப்பிடியைப் பொருத்தினால், திருப்பத்திற் கை சற்றே பிசகிப் பேய் பிடித்துவிடும். ஆகையாற் கைப்பிடியின் அடியில் அதன் அசைவைக் கட்டுப்படுத்தும் தகடு வேண்டும். அவ்வாட்டத்தின் படம் அகலத்தினும் உயரம் மிகுந்தது. படக்குழாயைப் பக்கமாகச் சரித்து வைத்தே அன்று அமைத்தார்கள். கிடையான திரையில் அதனைக் காட்டினால், இருபுறமும் பயனற்றுக் கிடக்கும். பழைய படக்குழாயையே பொருத்துவோமென்றால், அதன் பாரம் தூக்குதற்கரியது. மின்னை நிறுத்திய பின்னும் ஆயிரக்கணக்கான உவோல்ற்று அதில் தங்கியிருக்கக்கூடும். தட்டைத்திரையைப் பொருத்துவோமென்றால், பொத்தானை அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையே நுண்ணியதொரு தாமதம் நுழையும். கூடத்தில் ஆடிப் பழகிய கை அதனை உடனே உணரும்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எழுப்பும் வினா இவை எல்லாவற்றினும் ஆழமானது. அதன் முதற் பொறிகளிற் பச்சையும் செம்மஞ்சளுமாய்த் தெரிந்த நிறங்கள் செய்நிரலில் இல்லை. திரைமேல் ஒட்டிய நிறத்தாள்களே அவை. நின்று ஆடும் பொறியிற் காணப்பட்ட சந்திரனின் நிலமும் செய்நிரலில் இல்லை. பெட்டியுள் வரைந்து வைத்த ஓவியத்தின்மேல் கண்ணாடி வழியாகப் படம் விழுந்தது. படையெடுப்போர் குறையக்குறைய எஞ்சியோர் விரைவதோ எவரும் முதலில் வகுத்த விதியன்று; வரைய வேண்டியவை குறைந்ததும் நுண்செயலிக்கு வேலை குறைந்தது, அவ்வளவே. இன்றைய விரைந்த கணினி அன்றைய மந்தத்தை முயன்று நடிக்க வேண்டும். எனின், பொறி என்பது எது? பலகையா, செய்நிரலா, நிறத்தாளா, கண்ணாடியா? சுவடியின் பாடத்தைப் படியெடுத்து ஏட்டின் அளவையும் ஓரக்குறிப்பையும் விட்டுவிடும் பதிப்பாசிரியரின் இடர் இதனோடு ஒப்பிடத்தக்கது. பொங் இன்னும் கடினம். அதற்குச் செய்நிரலே இல்லையாதலாற் படியெடுப்பதற்கு எதுவுமில்லை. சுற்றின் ஒவ்வோர் உறுப்பையும் கணினியில் தனித்தனியே நடிக்கச் செய்தே அதனை மீட்கவேண்டியிருந்தது. எளிய ஆட்டமே மீட்டற்கு அரிய ஆட்டமாயிற்று.

பேயர் தம் மூலப் பெட்டிகளையும் தாள்களையும் 2006இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவகத்துக்கு அளித்தார். 2014 டிசெம்பரில் தமது 92ஆம் வயதிற் காலமானார். அவர் வீட்டு நிலவறையிலிருந்த வேலைமேசையும் கருவிகளும் இப்போது அமெரிக்க வரலாற்றுத் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. ஹிகின்பொதத்தின் பொறிக்கோ அத்தகைய இடம் இல்லை. ‘மேம்’ வெளிவந்த அதே 1997ஆம் ஆண்டில், புரூக்ஹேவன் ஆய்வுகூடம் தன் ஐம்பதாண்டு நிறைவையொட்டி அந்த ரெனிஸ் ஆட்டத்தை மீளக் கட்ட முற்பட்டது. எஞ்சியிருந்த வரைபடங்களை வைத்துக்கொண்டு தொடங்கிய அவ்வேலைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் சென்றது. அக்காலத்து உறுப்புகள் கடைகளிற் கிடைக்காமையே அதற்கு ஒரு காரணமாகும்.